கணக்கு முடியும் மாதத்தில் வரும் வசந்தம்

(நூலக வாசகர் வட்டம் ஒன்றில், பங்குனி மாதத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கை முடித்துக் கொடுக்கவேண்டிய அவசரத்தையும், வீட்டில் பிள்ளைகளின் பரீட்சை பற்றிய கவலையையும் ஒரு மணி நேரம் வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, செடி கொடிகளைப் பற்றிய பேச்சைக் கேட்பதற்கென்று இத்தனை பேர் வந்து அமர்ந்திருப்பதைக் காணும்போது, வசந்தம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்ட காரியதரிசி அவர்கள், போகும்போது வாசற்படியில் நின்று, "உத்தியோகமும் குடும்பமும் உள்ளவர்களுக்குப் பயன்படுகிறாற்போலச் சொல்லுங்கள்" என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிட்டுப் போனார். அந்த நிபந்தனை என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ஏனெனில், இரண்டும் இல்லாதவர்களுக்குத் தோட்டம் போடச் சொல்லிக்கொடுப்பது மிகச் சுலபம். அவர்கள் கேட்க வரமாட்டார்கள் என்பதுதான் குறை.

முதலில் நம்முடைய கஷ்டம் இன்னதென்று தெளிவாக்கிக்கொள்வோம். பஞ்சாங்கம் சித்திரை, வைகாசி மாதங்களை இளவேனில் என்கிறது. ஆனால் வைகாசிக்கு முன்பே அக்கினி நட்சத்திரம் வந்து மண்ணைப் பொரித்துவிடும் இந்த நாட்டில், வசந்தத்தின் லட்சணங்களையெல்லாம் மாசிக் கடைசியிலிருந்து சித்திரை முற்பகுதிக்குள்தான் கண்ணாரக் காணமுடியும். அந்த நாட்களில்தான், 1867-ஆம் ஆண்டில் வெள்ளையர் அரசாங்கம் தன் தாய்நாட்டு வழக்கத்தை அனுசரித்து ஏப்ரல் முதல் தேதியை இந்தியாவின் நிதியாண்டுத் தொடக்கமாக நிர்ணயித்துவிட்ட காரணத்தால், நாட்டிலுள்ள பேரேடுகள் அனைத்தும் ஒரே மூச்சில் முடிக்கப்பட்டாக வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில்தான் அரசுப் பொதுத் தேர்வுகளும் வருகின்றன. மரம் தளிர்க்கிறது, குயில் கூவுகிறது. மனிதன் ஒரு கையில் பற்றுச்சீட்டுக் கட்டும் மறு கையில் மகளின் நுழைவுச் சீட்டுமாக அந்த மரத்தடியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறான். இந்தச் சங்கடத்தைத் தீர்க்கும் ஆற்றல் எந்த நிதியமைச்சரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

இது இன்று நேற்று வந்த சங்கடமன்று என்பதை நினைக்கையில் ஒருவகை ஆறுதல் உண்டாகிறது. தொல்காப்பியர் வேனிற்காலத்தை எந்தத் திணைக்கு உரியதாக வகுத்தார் என்று எண்ணிப் பாருங்கள். சேர்ந்திருந்து மகிழும் குறிஞ்சிக்கா கொடுத்தார்? இல்லறத்துக்கு இலக்கணமாகிய முல்லைக்கா? இல்லை, பிரிவைச் சொல்லும் பாலைக்கு அல்லவா கொடுத்தார்! பாலையிற் பெரும்பாலும் பேசப்படும் பிரிவோ, சண்டையாலோ சந்நியாசத்தாலோ வந்ததன்று. பொருள் தேடப் போனதால் வந்தது. குடும்பத்தை நடத்தப் பொருள் வேண்டும். பொருள் வேண்டுமானால் வீட்டைவிட்டுப் போகவேண்டும். போனவன் திரும்பி வருவதாகச் சொன்ன பருவம் வந்துவிடுகிறது, ஆள் வருவதில்லை. ஐங்குறுநூற்றில் பாலையைப் பாடிய ஓதலாந்தையார், இந்த ஒரே விஷயத்தை வைத்துக்கொண்டு 'இளவேனிற் பத்து' என்று முழுதாக ஒரு பத்தே பாடியிருக்கிறார். குயில் கூவும் காலம் வந்தது, பாதிரி மலரும் காலம் வந்தது, மாமரம் தளிர்க்கும் காலம் வந்தது, வேப்பம்பூ உதிரும் காலம் வந்தது என்று ஒவ்வொன்றாக அடையாளம் காட்டி, வரவேண்டியவர் மட்டும் வரவில்லை என்று அந்தப் பெண் முறையிடுகிறாள். தாவர நூல் வல்லார் ஒருவர் உட்கார்ந்து எழுதிய பருவக் குறிப்பைப் போல அத்தனை மரங்களும் அதில் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அதை எழுதவைத்தது தாவர ஆராய்ச்சியன்று, வீட்டுக்காரர் ஊரில் இல்லாத துயரம்.

அந்தத் தலைவனிடம் எனக்கு ஓரளவு அனுதாபமும் உண்டு. அவன் கள்ளியும் பாறையும் நிறைந்த சுரத்தைக் கடந்து, பாஷை வேறுபட்ட தேசத்துக்குப் போயிருந்தான். வரமுடியாமைக்கு அவனிடம் தகுந்த சமாதானம் இருந்தது. இந்தக் காலத்துத் தலைவனோ எட்டு மணிக்கு எப்படியும் வீடு வந்து சேர்ந்துவிடுகிறான். தெருக்கோடியிலிருக்கும் புங்கமரத்தின் கீழாகக் காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் கடந்துதான் போகிறான். அந்த மரம் மாசியில் இலையை உதிர்த்ததையும், உதிர்த்த சில நாட்களுக்குள்ளேயே, எண்ணெய் தடவினாற்போல் மினுமினுக்கும் இளந்தளிரை உடம்பெல்லாம் போர்த்துக்கொண்டதையும், அவன் அறியான். இக்காலத்துத் தலைவியரிலும் பலர் அதே எட்டு மணிக்கு அதே மரத்தடியில்தான் இறங்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். இல்லாவிட்டால் முன்வரிசையில் இருப்பவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஊரிலேயே இருந்துகொண்டு பிரிந்திருக்கும் இந்தப் பிரிவுக்குத் தொல்காப்பியர் பெயர் வைக்கவில்லை.

நம்மிற் பலர் இதற்கு இரண்டு பரிகாரங்களைச் சொல்லிக்கொள்கிறோம். 'உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஊர்ப்பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கி, மாவும் தென்னையும் வைத்து, நிம்மதியாக இருக்கப்போகிறேன்' என்பது ஒன்று. இதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் முப்பத்தைந்து வருஷம் ஒரு துளசிக்குக்கூடத் தண்ணீர் விடாத கை, அறுபதாம் வயதில் திடீரென்று மாந்தோப்பைப் பரிபாலனம் செய்துவிடும் என்று நம்புவதற்கு அபார தைரியம் வேண்டும். மற்றொன்று ஞாயிற்றுக்கிழமைத் தோட்டம். ஆறு நாளும் எட்டிப் பாராமல் இருந்துவிட்டு, ஏழாம் நாள் காலையில் மண்வெட்டியும் உரமூட்டையுமாக இறங்கி, வீட்டிலுள்ள அனைவரையும் அதிகாரம் செய்து, நண்பகல் வரை கொத்திக் கிளறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும் தோட்டம் அது. செடிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றொரு நாள் இருப்பதே தெரியாது. பங்குனி வெயிலில் தொட்டிச் செடி இரண்டு நாள் தாங்காது. ஆறு நாளைக்குச் சேர்த்து ஏழாம் நாள் ஊற்றும் தண்ணீர், தொட்டியின் அடித்துவாரம் வழியாகக் கீழ்வீட்டுக்காரருடைய துணிமேல் போய் விழுந்து வேறு விவகாரத்தை உண்டாக்கும்.

ஆதலால் என்னுடைய கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்கு வேண்டியது ஓய்வன்று, ஒழுங்கு. உத்தியோகம் பார்ப்பவனிடம் ஓய்வு இல்லாமலிருக்கலாம்; ஒழுங்கு இருந்தே தீரும், இல்லாவிட்டால் அவனை உத்தியோகத்தில் வைத்திருக்கமாட்டார்கள். அதில் தினம் கால் மணி நேரத்துக்குரிய பங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். அந்தக் கால் மணியும் காலை வேளையில் அமையவேண்டும்; தோட்டம் அந்தக் கால் மணிக்குள் அடங்கும் அளவினதாகவும் இருக்கவேண்டும். தோட்டம் பெரிதாகி மனிதனுடைய நேரத்தை விழுங்க ஆரம்பித்தால் அதற்கு விவசாயம் என்று பெயர். அது மேலான தொழில்தான், ஆனால் அதோடு இன்னோர் உத்தியோகம் செய்ய முடியாது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வசந்தத்துக்குரிய வேலைகளில் பெரும்பகுதி வசந்தத்தில் செய்யப்படுவதில்லை. மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டுமல்லி, ஐப்பசி கார்த்திகை மழையில் தளதளவென்று பச்சை பிடித்து, கொப்பும் கிளையுமாகப் பார்க்கவே சந்தோஷமாக நிற்கும். அந்தச் சமயத்தில், நவம்பர் கடைசி வாரத்தை ஒட்டி, கத்தரியை எடுத்துத் தரையிலிருந்து ஒன்றரை அடி, கணக்காகச் சொன்னால் 50 செ.மீ., உயரத்துக்குமேல் உள்ள அத்தனையையும் வெட்டித் தள்ளி, மிச்சமிருக்கும் இலையையும் உருவிவிடவேண்டும். இதற்குக் கவாத்து என்று பெயர். மல்லிகை, பழைய கொம்பில் பூப்பதைவிட, வெட்டிய இடத்திலிருந்து வரும் புதுத்தளிரில்தான் கொத்துக்கொத்தாகப் பூக்கும். கவாத்து முடிந்து, தொழுவுரம் வைத்து, மார்கழி முழுவதும் தண்ணீரை அளவோடு காட்டிவந்தால், மாசியில் கணுவுக்குக் கணு துளிர் வெடிக்கும். பங்குனியில் மொட்டு வைக்கும். வெட்டாமல் விட்டவர் வீட்டுச் செடி பச்சைப் பசேலென்றுதான் இருக்கும். பூவைத்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடவேண்டும்.

கார்த்திகையில் வீட்டுக்குள் இதற்கு எழும் எதிர்ப்பைச் சமாளிப்பதுதான் கடினமான பகுதி. "நன்றாயிருக்கிற செடியை ஏனப்பா இப்படி மொட்டையடிக்கிறாய்?" என்று பாட்டி கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லுவதற்குச் செடியைத் தவிர வேறு யாராலும் முடியாது. அதுவும் பங்குனி வரையில் வாய் திறக்காது. ஆனால் இதில் உத்தியோகஸ்தர்களுக்குள்ள அநுகூலத்தைக் கவனியுங்கள். கார்த்திகை மாதத்தில் கணக்கு முடிப்பு இல்லை, பொதுத் தேர்வு இல்லை. கடினமான வேலையை அப்பொழுதே முடித்துவிடலாம். அப்படியே வெண்டையையும் தையில் விதைத்துவிட்டால், 45 நாள் கழித்து, சரியாக மாசிக் கடைசியில், காய் வரத் தொடங்கும். பங்குனியில் நாம் செய்யவேண்டியதெல்லாம் தண்ணீர் விடுவதும், பறிப்பதும், பார்ப்பதும்தான். கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் மாதத்தில் மண்வெட்டியோடும் மல்லுக்கட்டுகிறவர், மாதத்தைத் தவறாகத் தேர்ந்துகொண்டவரேயன்றி, நேரமில்லாதவர் அல்லர்.

அந்தக் கால் மணி நேரத்தில் என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். சூரியன் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குமேல் வருமுன் போய்ப் பாருங்கள். மல்லிகைச் செடியில் இன்று விரியும் மொட்டும் நாளைக்கு விரியும் மொட்டும் ஒரே காம்பில் இருக்கும். இன்றைய மொட்டு பருத்து, பால்வெள்ளையாக, பறித்தால் காம்போடு சுலபமாகக் கையோடு வரும். நாளைய மொட்டில் அடிப்பக்கம் பச்சை ஓடியிருக்கும், சற்று இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். பழகிய விரலுக்குக் கண் வேண்டியதில்லை. இடையே ஏதாவதொரு மொட்டு ஊதா நிறம் பாய்ந்து சுருங்கியிருந்தால், உள்ளே மொட்டுப்புழு குடியிருக்கிறது என்று அர்த்தம். அதை அப்பொழுதே கிள்ளி அழித்துவிட்டால் மருந்துக்கடைக்குப் போகவேண்டிய அவசியமில்லை. தளிர் நுனியில் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி இருந்தால் நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடலாம். எறும்பு சாரை சாரையாகத் தண்டில் ஏறினால், எங்கோ மேலே பூச்சி இருக்கிறது என்று அதுவே துப்புக் கொடுத்துவிடும். முதல் நாளே கண்டவனுக்கு ஒரு நிமிஷ வேலை. ஞாயிற்றுக்கிழமை கண்டவனுக்குச் செடியே போய்விடும்.

வெண்டைச் செடியில் இன்னோர் அதிசயம் இருக்கிறது. இளமஞ்சள் இதழும், நடுவில் அரக்குச் சிவப்புமாகக் காலையில் விரியும் அந்தப் பூ, செம்பருத்தியின் நெருங்கிய உறவு என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். ஆயினும் அதன் ஆயுள் ஒரே பகல். பொழுது சாயுமுன் கூம்பிவிடும். எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர் வாழ்நாள் முழுவதும் வெண்டைக்காய் சாப்பிட்டிருப்பார். வெண்டைப் பூவைப் பார்த்திருக்கமாட்டார். பூத்த ஆறாவது ஏழாவது நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலும் நார் ஓடிவிடும். நுனி ஒடித்தால் ஒடியாது. கோப்புகளை மேசையில் தூங்கவைக்கும் பழக்கமுள்ள நண்பர்கள் யாராவது இந்தச் சபையில் இருந்தால், அவர்களுக்கு அனுபவ பாடமாக வெண்டைச் செடியைச் சிபாரிசு செய்கிறேன்.

இனிக் குடும்பத்தின் பக்கம் வருகிறேன். இதைச் சற்று நிதானித்துச் சொல்ல விரும்புகிறேன். வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் பெரும்பாலும் ஆண்கள். தண்ணீர் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 'நான் வைத்த மரம்' என்று வீட்டுக்காரர் விருந்தாளிக்குக் காட்டும் மரத்துக்கு, வைத்தது மட்டும்தான் அவர். பழைய காலத்து வீடுகளில் இந்தப் பாரத்தைக் குறைக்க ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு இருந்தது. கிணற்றடியில் துணி துவைக்கும் நீரும், குளிக்கும் நீரும், பாத்திரம் கழுவும் நீரும் தாமாகவே வாய்க்காலில் ஓடிப்போய் வாழைக்கும் சேம்புக்கும் கனகாம்பரத்துக்கும் பாய்ந்துவிடும். யாரும் தனியாக ஒரு குடம் சுமக்கவேண்டியதில்லை. குடும்பம் குளித்தாலே தோட்டம் நனையும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த வாய்க்காலுக்கு இடமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் இரண்டு தொட்டிக்குத் தாராளமாகக் காணும். அடுக்களையிலிருந்து அந்த நீரை எடுத்துப்போய் விடுகிற வேலையை வீட்டுத் தலைவர் ஏற்றுக்கொண்டாரானால், தோட்டமும் பிழைக்கும், அவருடைய பேச்சுக்கும் சற்று மதிப்பு உண்டாகும்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கொரு பிடிவாதம் உண்டு. பரீட்சைக் காலத்தில் தோட்டத்துக்கு வராதே என்று அவர்களைத் தடுப்பது நியாயமன்று. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ரசாயன சமன்பாட்டை உருப்போடும் பெண், ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் மாடிக்குப் போய்ப் பூப்பறித்துவிட்டு வந்தால் மதிப்பெண் குறைந்துவிடாது. மகரந்தச் சேர்க்கையைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை மனப்பாடம் செய்கிறவள், பூசணிக் கொடியில் ஆண்பூ எது, அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண்பூ எது என்று ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டால் அந்த ஐந்து மதிப்பெண்ணை மறக்கவே மாட்டாள். ஆனால் இதையும் 'படிப்புக்கு உதவும்' என்று சொல்லி அவளை அனுப்பாதீர்கள். அவளுக்கு அந்தப் பத்து நிமிஷமாவது பயனில்லாததாக இருக்கட்டும்.

மண்ணே இல்லாத, மாடியிலும் உரிமை இல்லாத வாடகை வீட்டுக்காரர்கள் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு மௌனமாக இருக்கிறார்கள். அவர்களை நான் மறக்கவில்லை. தெருவில் நிற்கும் வேம்பு யாருடைய சொத்து? அதன் பூ பங்குனியிலும் சித்திரையிலும் உதிரும்போது, இரவில் மரத்தடியில் பழைய வேட்டியொன்றை விரித்துவிட்டு, விடிந்ததும் காற்றடிக்குமுன் சுருட்டிக்கொண்டு வந்து, இலையும் காம்பும் புடைத்து நீக்கி, நிழலில் உலர்த்திவைத்தால், புத்தாண்டுப் பச்சடிக்கும் ஆண்டு முழுவதும் ரசத்துக்கும் ஆகும். வீதியோரத்துச் சரக்கொன்றை சித்திரையில் இலை தெரியாமல் மஞ்சள் சரமாகத் தொங்கும்போது, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஐந்து நிமிஷத்தை அதற்குக் கொடுக்கலாம். பேருந்தும் அதற்குமுன் வரப்போவதில்லை. நாவலாசிரியர் மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், 1950-ஆம் ஆண்டிலிருந்து 1996-இல் மறையும் வரையில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றிய பத்தியை எழுதிவந்தவர். யானையையும் காடுகளையும் ஆழ்ந்து அறிந்திருந்த அந்தப் பெரியவர், வீட்டைச் சுற்றித் திரியும் காகத்தையும் அணிலையும் பற்றி எழுதுவதற்கும் அதே கவனத்தைச் செலவிட்டார். இந்த மாதத்தில் உங்கள் ஜன்னலுக்கு வெளியே காகங்கள் ஒரு கரிய பறவையைத் துரத்திக்கொண்டு போனால், அது ஆண்குயில், கூவுவது அதுதான். அவை அதைத் துரத்தும் பரபரப்பில், புள்ளிபோட்ட பழுப்பு நிறப் பெண்குயில் காக்கைக் கூட்டுக்குள் முட்டையிட்டுவிட்டுப் போவதும் உண்டு. அதைப் பார்ப்பதற்கு மாடியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்.

கடைசியாக, தோட்டக்காரக் குடும்பங்களிலெல்லாம் ஆண்டுதோறும் ஒரு மனஸ்தாபத்தை உண்டாக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பாட்டி வீட்டுக்குப் போகவேண்டும். மல்லிகை உச்சத்தில் பூப்பதும் அதே மாதம். கத்திரி வெயில் கொளுத்துவதும் அதே மாதம். தோட்டத்துக்காகப் பிரயாணத்தைத் தள்ளிப்போடும் தகப்பனாரைக் கண்டிருக்கிறேன். அதைப்போல் அநியாயம் வேறில்லை. செடிக்காகப் பிள்ளைகள் பாட்டியைப் பார்க்காமல் இருக்கலாகாது. தொட்டிகளையெல்லாம் சுவரோர நிழலில் நெருக்கமாகக் கூட்டிவைத்து, மேலே காய்ந்த சருகைக் கனமாகப் பரப்பி மூடாக்குப் போட்டுவிட்டு, சாவியை அடுத்த வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். கூலி பேசவேண்டியதில்லை, தண்ணீர் விடுகிறவருக்கே பூவும் காயும் என்பதுதான் வழக்கம். 'எங்களுக்கு வைத்திருங்கள்' என்று மட்டும் வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். வெண்டைக்காயை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்துவிடச் சொல்லுங்கள். செடியில் முற்றவிட்டால் மேற்கொண்டு காய்ப்பது குறைந்துவிடும். நடுக்கணுவில் திரட்சியாயிருக்கும் காய் ஒன்றுக்குமட்டும் சிவப்பு நூல் கட்டிக் காட்டிவிட்டுப் போங்கள், அது விதைக்கு.